பக்கம் 14 சொல்வதா, பக்கம் 27 சொல்வதா: ஆட்ட விதிகளுக்குப் பிழைதிருத்தம் போடுவது எப்படி

நான் எழுதிய ஆட்ட விதிப் புத்தகத்தை வெளியிட்ட ஒன்பதாம் நாள் முதல் கடிதம் வந்தது.

"அண்ணா, பக்கம் 14-ல ரத்தக்கசிவுக்கு ரெண்டு புள்ளி போகும்னு போட்டிருக்கீங்க. பக்கம் 27 டேபிள்ல ஒண்ணுன்னு இருக்கு. எது சரி? அப்புறம், ரெண்டு இடத்துல கத்திக்குத்து பட்டா ரெண்டு டைஸ் உருட்டணுமா, ஒண்ணு போதுமா? எப்படிப் பார்த்தாலும் ரெண்டு புள்ளி கொஞ்சம் ஓவர்தான். நேத்து ராத்திரி இதுக்காகவே அரை மணி நேரம் சண்டை."

நாற்பது பக்கம்கூட வராத சின்னப் புத்தகம் அது. மூன்று பேர் மெய்ப்புப் பார்த்திருந்தார்கள். ஒருவர் கண்ணிலும் படாத ஓட்டை, முன்பின் தெரியாத ஐந்து பேர் விளையாட உட்கார்ந்த முதல் ராத்திரியே வாயைப் பிளந்துவிட்டது. அன்று அவசர அவசரமாக நான் செய்த காரியங்களில் பாதி தப்பு. ஆட்டப் புத்தகம் ஒன்றை எழுதி முடித்துவிட்டு முதல் கடிதத்துக்காகக் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த உலகத்துக்குப் புதியவர்களுக்கு: நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொள்ள, ஒருவர் கதையை நடத்த, பகடை உருட்டி விளையாடும் ஆட்டங்களைப் பற்றித்தான் பேசுகிறேன். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி 1974-ல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', சுருக்கமாக டி அண்ட் டி, இந்த வகையில் மூத்த பிள்ளை. முதல் அச்சில் ஆயிரம் பெட்டிதான் போட்டார்கள். அந்த ஆரம்பகாலப் பெட்டிகளுக்குள்ளேயே பிழைதிருத்தத் தாள் ஒன்றும் கிடந்தது. இந்த ஆட்டமும் இதன் பிழைதிருத்தமும் ஒரே பெட்டியில் பிறந்தவை.

இதை எரட்டா என்பார்கள். பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு பத்தியாக ஒரு தாள் இருக்குமே, அதுதான். கதைப் புத்தகத்தில் ஓர் ஒற்று விட்டுப்போனால் வாசகரே சேர்த்துப் படித்துக்கொள்வார். விதிப் புத்தகத்தில் ஒன்று இரண்டானால் ஒரு கேரக்டர் செத்துப்போகும். மூன்று மாதம் அந்தக் கேரக்டரோடு வாழ்ந்தவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

1. கடிதத்தைப் பிரித்துப் போடுங்கள்

மேலே உள்ள கடிதத்தை இன்னொரு தடவை படியுங்கள். ஒரே மூச்சில் மூன்று வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன.

பக்கம் 14-க்கும் 27-க்கும் ஒத்துப்போகவில்லை என்பது பிழை. நான் நினைத்தது சுற்றுக்கு இரண்டு உயிர்ப்புள்ளி. அட்டவணையில் பழைய எண் அப்படியே தங்கிவிட்டது. இதற்குப் போடுவது திருத்தம். இரண்டு காயத்துக்கு எத்தனை பகடை என்பது புத்தகம் வாயே திறக்காத இடம். எழுதியது தப்பில்லை, போதவில்லை. இதற்குக் கொடுப்பது விளக்கம். 'ரெண்டு புள்ளி ஓவர்' என்பது அபிப்பிராயம். அதை ஏற்று எண்ணைக் குறைத்தால் அது மாற்றம்; விதி நினைத்தபடியே இருக்கிறது, எனக்கு மனசு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த மூன்றோடு வெறும் எழுத்துப்பிழை நான்காவது குவியல்.

இந்த நான்கையும் கலக்காமல் வைத்துக்கொள்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. முதல் நாள் நான் செய்த பெரிய தப்பு, மூன்றையும் ஒரே பத்தியில் 'திருத்தம்' என்று எழுதி அனுப்பியது. 'அப்படியானால் போன வாரம் நாங்கள் விளையாடியது தப்பா?' என்று அடுத்த கடிதம் வந்தது. தப்பே இல்லை. ஆனால் நான் அனுப்பிய தாளைப் படித்தால் அப்படித்தான் தோன்றும்.

பெரிய புத்தகங்களில் இதற்கு நல்ல உதாரணங்கள் கிடைக்கும். டி அண்ட் டி-யின் 3.5 பதிப்பில், 2003-ல் வந்தது, நீரில் மூழ்கும் விதி ஒன்று உண்டு. மூச்சை அடக்கமுடியாமல் போன முதல் சுற்றில் அந்த ஆள் மயங்கி, ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) 0 ஆகும். அடுத்த சுற்றில் -1. அதற்கடுத்த சுற்றில் சாவு. நல்ல உடம்போடு தண்ணீரில் விழுந்தவனை நினைத்து எழுதியது. ஏற்கெனவே வெட்டுப்பட்டு, சாகும் தறுவாயில் -8-ல் கிடப்பவனின் தலையை வாளித் தண்ணீரில் அமுக்கினால்? எழுத்துக்கு எழுத்துப் படித்தால் 0-க்கு ஏறிவிடுவான்! மூழ்கடித்து உயிர் காக்கும் வைத்தியம் என்று ஆட்டக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும் கதை இது. '0 ஆகும்' என்ற இடத்தில் '0-க்கு மேல் இருந்தால் 0 ஆகக் குறையும்' என்று எழுதியிருந்தால் தீர்ந்தது. இது திருத்தக் குவியல்.

மாற்றக் குவியலுக்கு 'ஹீலிங் ஸ்பிரிட்' மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் டி அண்ட் டி ஐந்தாம் பதிப்புக்கான துணைநூல் ஒன்றில் வந்த இரண்டாம் நிலை மந்திரம். அந்த ஆவி நிற்கும் இடத்தைக் கடந்துபோகும் ஒவ்வொருவருக்கும் ஒரு டி6 (ஆறுமுகப் பகடை) அளவு காயம் ஆறும். ஒரு நிமிடம், அதாவது பத்துச் சுற்று நீடிக்கும். சண்டை முடிந்ததும் நாலு பேரும் கோயில் வரிசை மாதிரி ஒருவர் பின் ஒருவராகச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நாலு பேர், பத்துச் சுற்று, சராசரி மூன்றரை: 140 புள்ளி, ஆளுக்கு 35. அதே நிலையில் உள்ள வேறு குணமாக்கும் மந்திரங்கள் ஆளுக்குச் சராசரி பதினைந்தைத் தாண்டவே திணறும். 2020-ல் இதற்கு வரம்பு போட்டார்கள்: மந்திரவாதியின் திறன் எண்ணோடு ஒன்று கூட்டி, அத்தனை தடவைதான் ஆற்றும். திறன் எண் 4 என்றால் ஐந்து தடவை. விதி எழுதியபடியேதான் வேலை செய்துகொண்டிருந்தது. அதன் பலம்தான் கைமீறிப் போயிருந்தது. இப்படிப்பட்டதை மாற்றம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஆட்டக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் ஏமாற்றப்பட்டதாக நினைக்கமாட்டார்கள்.

விளக்கங்களைத் தனித் தாளாகவே வைத்துக்கொள்வது நல்லது. டி அண்ட் டி ஆட்டக்காரர்களுக்கான 'டிராகன்' இதழில் 1979-ல் தொடங்கிய 'சேஜ் அட்வைஸ்' கேள்வி-பதில் பகுதி அந்த வழக்கத்தில் வந்ததுதான். பின்னாளில் அதே பெயரில் தொகுப்புத் தாளாகவும் வெளியிட்டார்கள். விளக்கம் புத்தகத்தின் சொற்களைத் தொடாது, எரட்டா தொடும். இந்தக் கோட்டை அழித்துவிட்டால் எது புத்தகம், எது உங்கள் கருத்து என்று உங்களுக்கே மறந்துபோகும்.

2. ஒரே நோட்டு

கடிதம் மின்னஞ்சலில் வரும், வாட்ஸாப்பில் வரும், புத்தகக் காட்சியில் யாராவது தோளைத் தட்டிச் சொல்வார்கள். எல்லாமே ஒரே நோட்டுக்கு, அல்லது ஒரே எக்செல் தாளுக்கு வந்து சேரவேண்டும். தேதி, பக்கம், விதியின் பெயர், எந்த அச்சு அல்லது எந்த பிடிஎஃப், சொன்னவர், எந்தக் குவியல், என்ன முடிவு. போதும்.

'எந்த அச்சு' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். பாதிப் புகார்கள் ஏற்கெனவே சரிசெய்தவையாக இருக்கும். அவர் கையில் பழைய கோப்பு இருக்கும்.

சொன்னவர் பெயரைக் குறித்துக்கொள்ளும்போதே, நன்றிப் பட்டியலில் போடலாமா என்றும் கேட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது. அவரே திருத்த வாசகத்தையும் எழுதி அனுப்பியிருந்தால், பயன்படுத்திக்கொள்ளச் சம்மதமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. அந்த விதி வேறு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது?

பக்கம் 27-ஐ மட்டும் திருத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். இரண்டு நாளில் இன்னொரு கடிதம்: பக்கம் 31-ல் இருக்கும் தயார்நிலைக் கேரக்டரின் (உடனே எடுத்து விளையாட முன்பே எழுதிவைத்த கேரக்டர்) குறுங்கத்தியில் 'ரத்தக்கசிவு 3' என்று போட்டிருக்கிறதாம். போய்ப் பார்த்தால், போட்டுத்தான் இருக்கிறது. நான் எழுதிய மூன்று வரைவுகளும் புத்தகத்தின் மூன்று மூலைகளில் உயிரோடு இருந்தன.

ஒரு விதி புத்தகத்தில் ஓர் இடத்தில் இருப்பதே இல்லை. முழு விளக்கம் ஒரு பக்கம், அட்டவணை ஒரு பக்கம், உதாரணச் சண்டையில் ஒரு வரி, தயார்நிலைக் கேரக்டர்கள், பூதங்களின் விவரக் கட்டம், கடைசிப் பக்கச் சுருக்கம், சொல்லடைவு, தனியாகத் தரவிறக்கும் கேரக்டர் ஷீட். ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பாருங்கள். கணினியில் தேடினால் மட்டும் போதாது. தமிழில் 'ரத்தக்கசிவு', 'இரத்தக் கசிவு', 'கசிவால்', 'கசிவின்' என்று ஒரு சொல் பத்து வேஷம் கட்டும். 'கசிவ' வரைக்கும் அடித்துத் தேடினால் பெரும்பாலும் 'கசிவு', 'கசிவால்', 'கசிவின்' எல்லாமே வரும்; வராவிட்டால் ஒவ்வொன்றையும் தனியாகத் தேடவேண்டும்.

'தேடி மாற்று' பொத்தானைப் பற்றி எச்சரிக்காமல் விடமுடியாது. அப்போது டி அண்ட் டி-யை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனம் 1994 வாக்கில் வெளியிட்ட 'என்சைக்ளோபீடியா மேஜிகா'வில் 'மேஜ்' என்ற சொல்லையெல்லாம் 'விசார்ட்' என்று மாற்றப் போய், 'டேமேஜ்' எல்லாம் 'டேவிசார்ட்' ஆகிவிட்டது. 'இமேஜ்' 'இவிசார்ட்' ஆனது. புத்தகம் அப்படியே அச்சேறிவிட்டது. நம் மொழிக்கும் விலக்கில்லை. 'அடி'யை 'சேதம்' என்று ஒட்டுமொத்தமாக மாற்றுங்கள், 'அடிப்படை விதிகள்' என்ன ஆகிறதென்று பாருங்கள். ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஒரு மாலை போகும், போகட்டும்.

இந்தச் சுற்றிலேயே பக்க எண்களையும் சரிபாருங்கள். வரைவில் 'பக்கம் எக்ஸ்எக்ஸ் பார்க்க' என்று இடம் விட்டு, பிறகு நிரப்ப மறந்து அச்சான புத்தகங்கள் ஏராளம். 1990-களில் ஒயிட் உல்ஃப் நிறுவனம் போட்ட ஆட்டப் புத்தகங்கள் இதற்குப் பேர் போனவை. கடைசியில் பெல்கிரேன் என்ற ஆட்டப் பதிப்பகம் தன் இணைய இதழுக்கே 'சீ பேஜ் எக்ஸ்எக்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டது.

4. எழுதும் விதம்

ராத்திரி பத்து மணி. ஆட்டம் நடத்துபவர் மடியில் பழைய அச்சு, ஒரு கையில் பென்சில், எதிரே பொறுமை இழந்த நாலு பேர். உங்கள் திருத்தத்தைப் படிக்கப்போகிறவர் அவர்தான். அரை நிமிடத்தில் அவர் அந்த வரியைக் கண்டுபிடித்து, அடித்து, மேலே எழுதிவிட்டு ஆட்டத்தைத் தொடரவேண்டும்.

அதனால் ஒவ்வொரு பதிவும் இடத்தில் தொடங்கட்டும்: பக்கம், தலைப்பு, எந்தப் பத்தி அல்லது அட்டவணையின் எந்த வரிசை. அடுத்து செய்யவேண்டிய காரியம்: மாற்றுக, சேர்க்க, நீக்குக. இந்த மூன்று வினையே போதும். பிறகு புதிய வாசகம் முழுசாக. கடைசியில் எந்தக் குவியல், எந்தப் பதிப்பிலிருந்து. என் தாளில் இப்போது இருப்பது இப்படி:

பக்கம் 27, காய அட்டவணை, 3-ஆம் வரிசை. 'ஒரு சுற்றுக்கு 1 உயிர்ப்புள்ளி' என்பதை 'ஒரு சுற்றுக்கு 2 உயிர்ப்புள்ளி' என்று மாற்றுக. (திருத்தம், 1.1)

பக்கம் 31, குறுங்கத்தி. 'ரத்தக்கசிவு 3' என்பதில் '3' என்ற எண்ணை நீக்குக. (திருத்தம், 1.2)

பக்கம் 14, ரத்தக்கசிவு, கடைசி வாக்கியத்துக்குப் பின் சேர்க்க: 'உடலில் எத்தனை காயம் கசிந்தாலும் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு டி6 உருட்டினால் போதும், 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் எல்லாக் கசிவும் நிற்கும்.' (திருத்தம், முன்பு விளக்கத் தாளில் இருந்தது, 1.2)

கடைசிப் பதிவைக் கவனியுங்கள். அது விளக்கமாகத்தான் பிறந்தது. ஒரே கேள்வியை ஐந்தாவது ஆளும் கேட்டபோது, இது புத்தகத்தில் இருக்கவேண்டிய வாக்கியம் என்று புரிந்து உள்ளே ஏற்றினேன். அப்படி ஏற்றலாம், எங்கிருந்து வந்தது என்று மட்டும் குறித்துவிடுங்கள்.

பழைய வாசகத்தையும் காட்டுங்கள். 'பக்கம் 27 திருத்தப்பட்டது' என்று மொட்டையாக எழுதினால் தன் கையில் இருப்பது பழையதா புதியதா என்று படிப்பவருக்குத் தெரியாது. மன்னிப்பு, வரலாறு, ஏன் அப்படி எழுதினோம் என்ற கதையெல்லாம் பதிவுக்குள் வேண்டாம். மாற்றக் குவியலுக்கு மட்டும் ஒரு வரிக் காரணம் சொல்வது மரியாதை.

திருத்தமே புதுப் பிழையைக் கொண்டுவரும் இடம் ஒன்று உண்டு. தமிழில் எழுதுகிறவர்களை அது அதிகம் சறுக்கவைக்கும்: 'அவர்'. 'தாக்குபவர் எதிரியை வீழ்த்தினால் அவர் டி6 உருட்டவேண்டும்.' யார் உருட்டுவது? தாக்கியவரா, விழுந்தவரா? எழுதிய எனக்குத் தெரியும், மேசைக்குத் தெரியாது. அழகு கெட்டாலும் பரவாயில்லை, 'தாக்கியவர் டி6 உருட்டவேண்டும்' என்று பெயர் சொல்லி எழுதுங்கள். '5 வரை' என்றால் 5 சேர்த்தா, சேராமலா? '5 அல்லது அதற்குக் கீழ்' என்று எழுதினால் சந்தேகமே வராது. 'சுற்றின் முடிவில்' என்றால் எல்லோருடைய முறையும் முடிந்த பிறகா, காயம்பட்டவரின் முறை முடிந்த உடனேவா? இதற்கும் எனக்குக் கடிதம் வந்தது.

எத்தனை பார்த்தாலும் ஏதாவது முரண் மிஞ்சும். அதனால் தாளின் தலையிலேயே ஒரு முன்னுரிமை விதி போட்டுவையுங்கள். 3.5 காலத்து டி அண்ட் டி பிழைதிருத்தத் தாள்களில் இது தெளிவாக இருந்தது: பிழைதிருத்தம் வேறு விதமாகச் சொல்லாதவரை, வாசகமும் அட்டவணையும் மோதினால் வாசகமே செல்லும், ஒரு விஷயத்துக்கு எது மூலநூலோ அதில் உள்ளதே செல்லும். இந்த ஒரு வரி என் புத்தகத்தில் முதலிலேயே இருந்திருந்தால் அந்த அரை மணி நேரச் சண்டையில் பாதி நடந்திருக்காது.

5. மேசையில் போட்டுப் பாருங்கள்

எழுத்துப்பிழைக்குச் சோதனை தேவையில்லை. எண்ணைத் தொடும் எதற்கும் தேவை. ஓர் எண்ணை இழுத்தால் அதோடு கட்டியிருக்கும் இன்னொன்றும் சேர்ந்து வரும்.

2008-ல் வந்த டி அண்ட் டி நான்காம் பதிப்பின் 'ஸ்கில் சேலஞ்ச்' விதியை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தியெடுக்காமல் பேச்சாலும் திறமையாலும் ஒரு சிக்கலைத் தீர்க்கும் ஏற்பாடு. சின்னச் சவாலில் இரண்டு தோல்வி விழுவதற்குள் நாலு வெற்றி எடுக்கவேண்டும். பெரிய சவாலில் ஆறு தோல்விக்குள் பன்னிரண்டு வெற்றி. ஒவ்வொரு முயற்சியும் பாதிக்குப் பாதி பலிக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். சின்னச் சவாலிலேயே ஜெயிக்கும் வாய்ப்பு 100-க்கு 19 தான். பெரியதில் 7. புத்தகம் வந்த கொஞ்ச நாளிலேயே ஆட்டக்காரர்கள் இதைக் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டார்கள். அந்தக் கோடையிலேயே திருத்தம் வந்தது: எந்தச் சவாலானாலும் மூன்றாவது தோல்வி விழுந்தால் தோற்றதுதான்.

இப்போது அந்த எண்ணை மட்டும் மாற்றிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்னச் சவால் 19-லிருந்து 34-க்கு ஏறுகிறது, சந்தோஷம். பெரிய சவால் 7-லிருந்து ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது! அதனால்தான் அதே திருத்தத்தில் பகடையால் எட்டவேண்டிய இலக்கு எண்களையும் குறைக்கவேண்டி வந்தது. ஒவ்வொரு முயற்சியும் 100-க்கு 70 பலிக்கிற அளவுக்குக் குறைத்தால் சின்னது 74 ஆகும். பெரியது அப்போதும் 16 தான். அந்த இலக்கு எண்களைப் பிற்பாடு மறுபடியும் திருத்தினார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

உங்களுக்கு இவ்வளவு கணக்கு வராவிட்டாலும் பகடை இருக்கிறது. திருத்திய விதியை வைத்து இருபது தடவை உருட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். என் ரத்தக்கசிவில், நிற்பதற்குப் பாதி வாய்ப்பு என்பதால் சராசரியாக ஒரு தோல்வி, அதாவது மொத்தம் 2 புள்ளி போகும். பத்துப் புள்ளி உள்ள கேரக்டருக்கு அது வலிக்கும், பெரும்பாலும் கொல்லாது. அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் 'ஓவர்' என்ற அபிப்பிராயத்தை ஏற்காமல் எண்ணை அப்படியே விட்டேன்.

பிறகு திருத்தத்தை, அந்த விதியைப் படித்தே இராத ஒருவரிடம் கொடுத்து விளையாடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காரலாம், வாய் திறக்கக்கூடாது.

6. எண்ணும் தேதியும்

தாளின் தலையில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கவேண்டும். அதே எண் பிடிஎஃப்பின் முதல் பக்கத்திலும் கோப்பின் பெயரிலும் இருக்கவேண்டும். 'இறுதி', 'புது இறுதி' என்றெல்லாம் கோப்புக்குப் பெயர் வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எண் வையுங்கள். 2016-ல் டி அண்ட் டி-யின் பொதுப் பயன்பாட்டு விதித்தொகுப்பு 5.1 வந்தது. 2025-ல் வந்த 5.2 சீக்கிரமே 5.2.1 ஆனது. அந்தக் கடைசிப் புள்ளி ஒன்றைப் பார்த்தாலே தெரியும், சின்னத் திருத்தம் நடந்திருக்கிறதென்று.

அச்சுப் புத்தகமானால் உரிமைப் பக்கத்தில் '9 8 7 6 5 4 3 2 1' என்று ஓர் எண்வரிசை போடுவார்கள். ஒவ்வொரு மறு அச்சிலும் கடைசி எண்ணை எடுத்துவிடுவார்கள். மிஞ்சியதில் சிறியது எதுவோ அதுதான் உங்கள் கையில் இருக்கும் அச்சு. உங்கள் தாளில் '2-ஆம் அச்சிலிருந்து சரிசெய்யப்பட்டது' என்று எழுத இது வேண்டும். ஐந்தாம் பதிப்பின் திருத்தத் தாள்களில் புதிதாகச் சேர்ந்த பதிவுகளுக்கு முன்னால் 'புது' என்று அடையாளம் இருக்கும். நல்ல பழக்கம், போன தடவையே தாளைப் படித்தவர் இந்தத் தடவை முழுதையும் படிக்கவேண்டியதில்லை.

7. எப்போது, எங்கே

ஆட்டமே நகராத பிழை என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதை ஆறு வாரமாவது சேர்த்து வையுங்கள். வாரம் ஒரு திருத்தம் போட்டால் ஒருவரும் படிக்கமாட்டார்கள். பாத்ஃபைண்டர் ஆட்டத்தை வெளியிடும் பைசோ நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு தடவை என்று ஒரு வழக்கத்துக்கு வந்தது. சின்னப் பதிப்பாளருக்கும் அது சரியான வேகம்.

டிரைவ்த்ரூஆர்பிஜி, இட்ச்.ஐஓ மாதிரியான இணையக் கடைகளில் விற்கிறீர்கள் என்றால் வேலை சுலபம். புதுக் கோப்பை ஏற்றினால் ஏற்கெனவே வாங்கியவர் காசு கொடுக்காமல் மறுபடி தரவிறக்கிக்கொள்வார். ஆனால் கோப்பை மாற்றினால் மட்டும் அவருக்குத் தெரியாது. வாங்கியவர்களுக்குச் செய்தி அனுப்பும் வசதியையும் பயன்படுத்துங்கள். திருத்தத் தாளைத் தனிக் கோப்பாக, இலவசமாக, வாங்காதவரும் படிக்கும்படி வையுங்கள். நண்பரின் புத்தகத்தை வைத்து ஆட்டம் நடத்துபவர்களே அதிகம்.

கேட்டால் அச்சிட்டு அனுப்பும் வகைப் புத்தகத்தில் கவனம் வேண்டும். உள்பக்கக் கோப்பை மாற்றினால் மறுபடி மாதிரிப் பிரதி வரவழைத்துப் பார்க்கவேண்டியிருக்கும். பக்க எண்ணிக்கை கூடினால் முதுகின் அகலம் மாறும், அட்டையையும் மறுபடி செய்யவேண்டும். திருத்தம் நான்கு வரி நீண்டு அடுத்த பக்கத்துக்கு வழிந்தால், அங்கிருந்து எல்லாப் பக்க எண்களும் நகர்ந்து, உங்கள் திருத்தத் தாளே தப்பாகிவிடும். அதனால் அந்தப் பக்கத்திலேயே வேறு ஏதாவது வாக்கியத்தைச் சுருக்கி இடம் பிடியுங்கள். நான் ஒரு படத்தைக் கால் அங்குலம் சின்னதாக்கித் தப்பித்தேன்.

ஏற்கெனவே அச்சாகி அட்டைப்பெட்டியில் கிடக்கும் பிரதிகளுக்கு, புத்தக அளவிலேயே வெட்டிய ஒற்றைத் தாள் போதும். ஓர் எண் மட்டும்தான் பிழை என்றால் சின்ன ஸ்டிக்கர். அறுபது பிரதியில் நானே உட்கார்ந்து ஒட்டினேன். மூன்று கோணலாகப் போனது.

உங்கள் புத்தகம் இன்னொருவரின் திறந்த உரிமத்தில் நின்றால் ஒரு வேலை கூடுதல். டி அண்ட் டி-யின் 5.1 விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் ஆட்ரிபியூஷன் 4.0 உரிமத்தில் (மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் எடுத்தாளலாம்) விட்டார்கள். அதிலிருந்து எடுத்த விதியில் நீங்கள் கைவைத்தால், மாற்றியிருக்கிறீர்கள் என்பதைக் குறிப்பிடுவது உரிமத்தின் நிபந்தனை.

8. கதை நடுவில் இருப்பவர்கள்

திருத்தம் வெளிவரும் நாளில் எங்கோ ஒரு மேசையில் பதினைந்தாவது வாரம் ஓடிக்கொண்டிருக்கும். 'இந்தத் திருத்தம் இன்றுமுதல். நடந்து முடிந்த ஆட்டத்தைப் பின்னோக்கித் திருத்தவேண்டாம். மாற்றம் என்று குறித்த பதிவுகளை நடக்கும் கதை முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்' என்று மூன்று வாக்கியம் போடுங்கள். பழைய கோப்பையும் 'பழையது' என்ற பெயரில் கிடைக்கும்படி வையுங்கள்.

2024 ஆகஸ்டில் 'டி அண்ட் டி பியாண்ட்' தளம், புதிய விதிநூல் வருவதை ஒட்டி, ஆட்டக்காரர்களின் கேரக்டர் ஷீட்களில் இருக்கும் பழைய மந்திரங்கள் பலவும் புதிய வடிவத்துக்கு மாறிவிடும் என்று அறிவித்தது. காசு கொடுத்து வாங்கிய பழையதை வைத்து விளையாட நினைத்தவர்கள் கொதித்துப்போனார்கள். சில நாளிலேயே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். காகிதப் புத்தகத்தை வீட்டுக்குள் புகுந்து யாரும் மாற்றமுடியாது, டிஜிட்டலில் முடியும். முடிகிறது என்பதற்காகச் செய்துவிடாதீர்கள்.

விதியே இல்லாத, ஆனால் திருத்தியே ஆகவேண்டிய பகுதிகளும் வரும். 2022-ல் டி அண்ட் டி-யின் 'ஸ்பெல்ஜாமர்' புத்தகத்தில் ஹடோசி என்ற குரங்கு இனத்துக்கு எழுதிய பின்கதை, கறுப்பின மக்களின் அடிமை வரலாற்றையும் இனவெறிச் சித்திரிப்புகளையும் நினைவூட்டுவதாக வாசகர்கள் சுட்டிக்காட்டினார்கள். செப்டம்பரில் பதிப்பாளர் மன்னிப்புக் கேட்டு, அந்தப் பகுதிகளை நீக்கியதாக அறிவித்தார்கள். இப்படி ஒன்று உங்களுக்கு வந்தால் ஆறு வாரக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். நீக்கியதை நீக்கினோம் என்றே சொல்லுங்கள். சத்தமில்லாமல் வெட்டினால் பழைய பிரதியை வைத்திருப்பவர் படம் எடுத்துப் போடுவார், நியாயமும் அவர் பக்கம் இருக்கும்.

தாள் எவ்வளவு நீளலாம்? நாற்பது பக்கப் புத்தகத்துக்கு இரண்டு பக்கத்தைத் தாண்டினால் நான் புது அச்சுக்குத் தயாராகிவிடுவேன். ஒரே விதியை மூன்றாம் தடவை திருத்துகிறேன் என்றால், அந்த விதியை ஒட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு முதலிலிருந்து எழுதுவேன். ரத்தக்கசிவு இரண்டோடு நின்றது.

முதல் கடிதம் எழுதிய தம்பிக்கு 1.2 தாளை நானே அனுப்பிவைத்தேன். பெயர் நன்றிப் பட்டியலில் இருப்பதைப் பார்த்து அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "ஆனா அண்ணா, நாங்க இன்னும் ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு டைஸ்தான் உருட்டறோம். பழகிடுச்சு" என்றார்.